சங்கு ஊதும்வரை உட்கார்ந்திருந்தவள்

நான் தரையில் கால் நீட்டி உட்கார்வதை விட்டுவிட்டேன் என்பதை எங்கள் சிமெண்ட் ஆலைக் காலனியில் எல்லோரும் இப்போது ஒருமாதிரி ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். கல்யாண வீட்டில் பாய் விரித்தாலும், கோயிலில் பூசைக்கு எல்லோரும் தரையில் அமர்ந்தாலும், யாராவது ஒருத்தி எழுந்து போய் எனக்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போடுவாள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் அந்த நாற்காலிக்குக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்வார்கள், அது கோபத்தினாலா மரியாதையினாலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

எங்கள் காலனியில் காற்றும் வெள்ளை, வேப்பிலையும் வெள்ளை, காயப்போட்ட கறுப்புப் பாவாடைகூட சாயங்காலம் எடுக்கும்போது சாம்பல் நிறம். ஆலையின் சங்கு காலை ஆறு மணிக்கும் மதியம் இரண்டு மணிக்கும் இரவு பத்து மணிக்கும் ஊதும், அந்த மூன்று ஊதலுக்கு நடுவில்தான் நாங்கள் சமைத்தோம், சண்டை போட்டோம், பிள்ளை பெற்றோம். ராத்திரி முழுக்கச் சூளைப் பக்கம் வெந்துவிட்டுக் காலையில் வரும் ஆண்கள் குளித்துச் சாப்பிட்டு எட்டு மணிக்குப் படுப்பார்கள், அவர்கள் படுத்துவிட்டால் அம்மி அரைபடக் கூடாது, பந்து குதிக்கக் கூடாது, குழந்தை அழக் கூடாது. அதனால் எங்கள் காலனிப் பிள்ளைகள் அம்மா, அப்பா என்ற இரண்டு சொற்களுக்கு அடுத்தபடியாகக் கற்றுக்கொண்ட மூன்றாவது சொல் 'உஷ்'.

என் மூத்தவள் ஜெனோவா மட்டும் அந்த மூன்றாவது சொல்லைக் கற்றுக்கொள்ளவேயில்லை. நான்கு வயதில் அவள் ஓர் இடத்தில் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. இட்லியை ஜன்னல் கம்பியில் தொங்கிக்கொண்டு தின்பாள், செபமாலை சொல்லும்போது கட்டிலைச் சுற்றி ஓடிக்கொண்டே 'அருள் நிறைந்த' என்பாள், பக்கத்து வீட்டு நாய்க்குத் தம்பியின் பால்மாவைக் கரைத்து ஊற்றிவிட்டு அது குரைக்கவில்லை என்று அதனிடம் கோபித்துக்கொள்வாள். "இவளை வயித்துல வச்சிருக்கப்ப நீ என்னத்தடி தின்ன?" என்று அடுத்த வீட்டுச் செண்பகவல்லி அக்கா கேட்காத நாள் கிடையாது. நானோ கும்பகோணம் கான்வென்ட்டில் ஒவ்வொரு வருஷமும் குட் காண்டக்ட் பரிசு வாங்கியவள். மணி அடிக்கும்வரை பெஞ்சை விட்டு எழக் கூடாது, முதுகு வளையக் கூடாது, பாத்ரூம் வருகிறது என்று கை தூக்கக் கூடாது என்று சிஸ்டர் சொன்னால் அப்படியே இருந்தவள். என் வயிற்றில் இவள் எப்படிப் பிறந்தாள் என்று எனக்கும் புரியவில்லை.

லியோ பிறந்து கழுத்து நின்ற சமயத்தில்தான் அது தொடங்கியது. அவனைக் கால் மேல் போட்டு வெந்நீர் ஊற்றிக் குளிப்பாட்டி, சாம்பிராணிப் புகை காட்டி, துடைத்து, அப்படியே நீட்டிய காலில் படுக்கவைத்துக்கொண்டு நான் சுவரில் சாய்ந்திருந்தபோது, செண்பகவல்லி அக்கா தன் இரட்டைக் குழந்தைகளை இடுப்புக்கு ஒன்றாகச் சுமந்துகொண்டு ஓடி வந்தாள். இரண்டும் வீறிட்டுக்கொண்டிருந்தன. "எங்க வீட்டுக்காரர் இப்பதான் கண்ண மூடினாரு, தண்ணி லாரி வேற வந்துட்டு, கொஞ்சம் புடி ஜெசி" என்று சொல்லி, வாங்க நான் கை நீட்டும் முன்பே இரண்டையும் என் முழங்காலுக்குக் கீழே போட்டுவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். என் கால் பட்டதும் இரண்டும் தூங்கிவிட்டன. கொஞ்சம் கொஞ்சமாகக் கண் சொருகி, சிணுங்கி, விரலைச் சப்பித் தூங்குவார்களே, அப்படி இல்லை, ஸ்விட்சை அணைத்தாற்போல.

அக்கா வந்து அவர்களை அள்ளிக்கொண்டு போய்த் தன் வீட்டில் போட்டாள். குக்கர் விசில் அடித்தது, மிக்ஸி ஓடியது, மேல்வீட்டில் இரும்பு வாளி மாடிப்படியில் உருண்டது, எதற்கும் அவர்கள் அசையவில்லை. எங்கள் அடுப்பில் பால் பொங்கி வழியும் வாசனை வந்து நான் பதறி எழுந்த அந்த நொடியில், என் கையிலிருந்த லியோவும் அடுத்த வீட்டில் அந்த இருவரும் ஒரே குரலில் அலறிக்கொண்டு விழித்தார்கள். மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும் அப்படியே. என் நீட்டிய காலில் ஒருதரம் படுத்த குழந்தை, பிறகு அதை எங்கே கொண்டுபோய்ப் போட்டாலும், நான் எழுந்து நிற்கும்வரை தூங்கும், நான் எழுந்தால் எழுந்துவிடும் என்பதை நாங்கள் கண்டுகொண்டது இப்படித்தான். அக்கா தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, "இத வச்சிக்கிட்டா இத்தன நாளு சும்மா இருந்த?" என்றாள், நான் ஏதோ நல்ல ஊறுகாயை ஒளித்து வைத்திருந்த மாதிரி.

அதற்குப் பிறகு காலனி அதைப் பழகிக்கொண்ட வேகத்தை நினைத்தால், புதுக் குழாய் போட்டபோதுகூட இவ்வளவு சீக்கிரம் பழகவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். காலை எட்டு மணிக்கு முன்னால் எங்கள் வாசலில் செருப்புகள் குவியும். ஒவ்வொருத்தியாக வந்து தன் குழந்தையை என் காலில் வைத்து எடுத்துக்கொண்டு, கோயிலில் தீர்த்தம் தொட்டுக்கொள்கிற மாதிரி ஒரு முகத்துடன் போவாள். மாதர் சங்கத்தில் கூடிப் பேசி, காலை எட்டிலிருந்து மதியம் இரண்டு மணிச் சங்கு ஊதும்வரை நான் எழுந்திருப்பதில்லை என்று முடிவு செய்தார்கள், அந்தக் கூட்டத்துக்கு நான் போகவில்லை, உட்கார்ந்திருந்தேன். முதுகுக்கு இலவம்பஞ்சுத் தலையணை வந்தது, மேசை விசிறி வந்தது, டிவியை என் பக்கம் திருப்பி வைத்தார்கள், முறை போட்டுக்கொண்டு எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தார்கள், மீன்குழம்பு யார் வீட்டில் நன்றாக இருக்கும் என்று எனக்குத் தெரிந்த அளவுக்குக் காலனியில் வேறு யாருக்கும் தெரியாது. தண்ணீர் மட்டும் நான் குடிப்பதில்லை. குடித்தால் எழ வேண்டிவரும், எழுந்தால் காலனி முழுக்க ஒரே நேரத்தில் அத்தனை குழந்தைகளும் அலறும், ராத்திரி ஷிப்ட் பார்த்த ஆண்கள் சிவந்த கண்ணோடு வாசலுக்கு வந்து நிற்பார்கள். அடக்கிக்கொள்ளப் பழகினேன். சிஸ்டர் சொல்லித்தந்தது ஒன்றும் வீண்போகவில்லை.

காலனி அழகாகிவிட்டது. ஆண்கள் கன்னம் உப்பினார்கள். பெண்கள் தையல் கிளாஸ் போனார்கள், வடாம் பிழிந்தார்கள், ஒருத்தி மொபெட் ஓட்டக் கற்றுக்கொண்டு என் ஜன்னலுக்கு வெளியே ஹாரன் அடித்துக் காட்டினாள். பங்குச் சாமியார் வந்து வாசலில் நின்று பார்த்து, இது தேவ வரமாகவும் இருக்கலாம், எதற்கும் ஆயருக்குத் தெரியாமல் இருப்பது நல்லது என்று சொல்லிவிட்டு, மாதா கோயில் வாட்ச்மேன் பேத்தியை மறுநாள் அனுப்பிவைத்தார். மே தின விழாவில் எனக்கு ஒரு எவர்சில்வர் குடமும் 'சிறந்த இல்லத்தரசி' என்ற சான்றிதழும் கொடுத்தார்கள், என் கணவர் பெலிக்ஸ் மேடையேறி வாங்கிவந்து, நான் உட்கார்ந்த இடத்துக்கு நேர் மேலே ஆணி அடித்து மாட்டினார். நான் அண்ணாந்து பார்த்தேன். கழுத்து வலித்தது.

"என்னங்க, மதியத்துல ஒரு ஒருமணி நேரமாவது எந்திரிச்சா என்ன?" என்று கேட்டேன்.

"எந்திரிக்கலாம்மா, யாரு வேண்டாங்குறா," என்றார் அவர், என் மேல் உண்மையான பாசத்தோடு. "ஆனா பாரு, நேத்து சூளையில ஒருத்தன் தூக்கக் கலக்கத்துல மெஷினுக்குள்ள கை விட்டிருப்பான், நல்லாத் தூங்கினதுனால தப்பிச்சான்னு பேசிக்கிறாங்க. உன்னாலதான்னு சொல்றாங்க. எனக்கு எவ்ளோ பெருமை தெரியுமா?"

அதற்குப் பிறகு நான் எப்படி எழுவேன்.

தூக்கமே வராத ஒரு மனிதர் இருந்தார், சூளை போர்மேன் வைத்திலிங்கம். அவரையும் தூங்கவைக்கலாமா என்று மாதர் சங்கம் ஒரு வாரம் விவாதித்தது. ஆம்பிளைத் தலையைப் பொம்பிளை காலில் வைப்பதா என்று ஒரு கட்சி, அவர் தூங்காமல் சூளையை வெடிக்கவைத்தால் பரவாயில்லையா என்று இன்னொரு கட்சி. கடைசியில் என் காலுக்கும் அவர் தலைக்கும் நடுவில் ஒரு தலையணை, தலையணைக்கு மேல் அவர் மனைவியின் உள்ளங்கை, பக்கத்தில் சாட்சிக்கு நான்கு பெண்கள் என்று ஏற்பாடு ஆயிற்று. அவர் தூங்கினார். ஆனால் அன்று மதியம் ஒரு மணிக்கே சூளையில் ஏதோ கோளாறு என்று அவரைக் கூப்பிட ஆள் வந்துவிட்டது, அவரை எழுப்ப வேண்டும் என்றால் நான் எழ வேண்டும், நான் எழுந்தால் அத்தனை குழந்தைகளும் எழும். எல்லோரும் யோசித்துவிட்டு, அவரை அப்படியே கயிற்றுக் கட்டிலில் தூக்கிக்கொண்டு போய்ச் சூளைக்குப் பக்கத்தில் இறக்கி, வருகை போட்டார்கள். போர்மேன் அங்கே இருக்கிறார் என்ற தைரியத்தில் கோளாறு தானாகச் சரியானதாகக் கேள்வி.

மறுநாள் அவர் என் வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. "போதும்மா," என்றார். "இனிமே நான் முழிச்சிக்கிட்டே இருந்துடறேன்." ஏன் என்று நான் கேட்டதற்கு என் காலில் அடுக்கியிருந்த குழந்தைகளைப் பார்த்தார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

கடைசி வீட்டுக் கதிர் என்கிற மூன்று வயதுப் பையனும் அந்த நாள்களில் எங்கள் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே வர மாட்டேன் என்று உதைக்கத் தொடங்கியிருந்தான். அவன் அம்மா அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுப்பாள். "தூங்கத்தானேடா சொல்றேன், ஊசியா போடுறாங்க?" அவன் என் காலைத் தொடும் கடைசி நொடிவரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். இரண்டு மணிக்குச் சங்கு ஊதி நான் எழும்போது எல்லாக் குழந்தைகளும் அப்படி ஏன் அலறுகிறார்கள் என்றால், பசி என்று நாங்கள் நினைத்தோம்.

ஜெனோவுக்கு மட்டும் என் கால் ஒன்றும் செய்யவில்லை. படுக்கவைத்துப் பார்த்தேன். கட்டை மாதிரி விறைத்துக் கிடந்து விசிறியை எண்ணிவிட்டு, "எப்பம்மா தூக்கம் வரும்?" என்று கேட்டு எழுந்து ஓடினாள். காலனியில் எட்டிலிருந்து இரண்டுவரை விழித்திருந்த ஒரே சின்னப் பிள்ளை அவள்தான், அவளோடு விளையாட யாருமில்லை, அவளைப் பார்த்துக்கொள்ள நான் மட்டும்தான், நானோ தரையில் இருந்தேன். ஒட்டடைக் குச்சியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். அதுதான் எனக்குக் கை. அலமாரியில் ஏறினால் அதனால் பாவாடையைக் கொக்கி போட்டு இழுப்பேன், மண்ணெண்ணெய் பாட்டிலைத் தொட்டால் அதனால் தட்டிவிடுவேன். குச்சி எட்டாத இடத்துக்கு அவள் போய்விட்டால் என்னிடம் குரல் மட்டும் மிச்சம்.

"ஜெனோ! எங்கடி இருக்க?"

"இங்கதாம்மா!"

அந்த 'இங்கதாம்மா' குளியலறையிலிருந்து வரும், வாசலிலிருந்து வரும், வேப்பமரத்து மேலிருந்து வரும், தண்ணீர்த் தொட்டிப் பக்கமிருந்து வரும். நாளாக ஆக அது தூரத்திலிருந்து வரத் தொடங்கியது. காலனிக்குப் பின்னால், கல் வெட்டி எடுத்துக் கைவிட்ட சுண்ணாம்புப் பள்ளம் ஒன்று இருந்தது, மழைத்தண்ணீர் தேங்கிப் பச்சைப் பசேலென்று, கரையே இல்லாமல் நேராக இறங்கும் பள்ளம். நான் டிவியைப் பார்த்த மாதிரி உட்கார்ந்திருந்த நாளெல்லாம் அந்தப் பச்சையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் கூப்பிட்டேன், பதில் வரவில்லை.

மறுபடி கூப்பிட்டேன். அடுத்த வீட்டில் உலை கொதிக்கிற சத்தம், எங்கேயோ ஒரு கோழி. என் காலில் லியோவும் இன்னும் இரண்டு மூன்று கைக்குழந்தைகளும். நான் அவர்களைத் தரையில் இறக்கிவிட்டுக் கையை ஊன்றினேன். அதற்குள் செண்பகவல்லி அக்கா ஓடிவந்து என் தோளைப் பிடித்தாள், பின்னாலேயே மொபெட்காரி, கதிரின் அம்மா.

"அக்கா, ஜெனோவக் காணும்."

"இங்கதான் எங்கயாச்சும் இருப்பா, அவளுக்குக் காலு ஒரு எடத்துல நிக்குமா? நீ உக்காரு. நாங்க தேடறோம்."

"பள்ளத்துப் பக்கம் போயிருப்பாக்கா. விடுங்க, நான் போறேன்."

"ஜெசி, நான் சொல்றதக் கேளு. எங்க வீட்டுக்காரர் நேத்து ரெண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்துட்டு வந்து படுத்திருக்காரு. இப்ப இதுங்க எல்லாம் சேர்ந்து கத்திச்சின்னா? நாங்க இத்தன பேரு இருக்கமில்ல? நாங்க போனா என்ன, நீ போனா என்ன?"

அவள் குரலில் கொஞ்சமும் கெட்ட எண்ணம் இல்லை. அவள் கைகள் என் தோளில் கனமாக, சூடாக இருந்தன, கான்வென்ட் பெஞ்சில் பின்னாலிருந்து வந்து முதுகை நிமிர்த்தும் கைகள் மாதிரி. நான் உட்கார்ந்தேன். என் பிள்ளை பள்ளத்துப் பக்கம் போயிருக்கிறாள் என்று தெரிந்தும், சங்கு ஊதவில்லையே என்று உட்கார்ந்தேன்.

ஆலை வாட்ச்மேன்தான் அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். தலை முதல் கால்வரை வெள்ளைப் புழுதி, பாவாடையின் ஓரம் மட்டும் நனைந்து கறுத்திருந்தது. அந்த ஈரத்தை நான் தொட்டுப் பார்த்தேன்.

"பச்சைத் தண்ணிம்மா," என்றாள் ஜெனோ. "காலு மட்டும்தான் வச்சேன். நீ கூப்பிட்டது கேட்டுச்சு."

"கேட்டுச்சுன்னா ஏன்டி பதில் சொல்லல?"

"பதில் சொன்னா நீ வர மாட்டே. சொல்லாட்டி நீ வருவேன்னு நின்னுக்கிட்டிருந்தேன்."

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் தூங்கவைத்த கால்கள் என் உடம்பில்தான் இருந்தன, அவற்றில் நான் எப்படிப் படுப்பது? கண்ணை மூடினால் பச்சையாக ஏதோ மேலேறி வரும். காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் சுவர் மெல்ல மெல்லச் சாயும், சாப்பாட்டுத் தட்டில் இரண்டு மீன்கள் நான்காகும். வீட்டுக் கதவை வெளியில் தாழ் போடச் சொல்லியிருந்தேன், அதனால் ஜெனோவும் என்னோடு உள்ளே கிடந்தாள், சுவருக்குச் சுவர் போய் முட்டித் திரும்பிக்கொண்டு.

ஒரு முற்பகலில் அவள் நின்று என்னைப் பார்த்தாள். "நீ தூங்கவே மாட்டியாம்மா?"

"எனக்கு யாருடி காலு நீட்டுவா?"

அவள் என் பக்கத்தில் வந்து, சுவரில் சாய்ந்து, என்னைப் போலவே கால் நீட்டி உட்கார்ந்தாள். அப்படி அவள் உட்கார்ந்து அன்றைக்குத்தான் பார்க்கிறேன். முழங்காலில் காய்ந்த புண், கணுக்காலில் சுண்ணாம்பு, இரண்டு காலும் சேர்ந்தே என் கை அகலம்தான் இருக்கும். "படு," என்றாள். "நான் சாமி பாட்டு பாடறேன்." அவள் மனசு நோகக் கூடாதே என்று, எழாமலேயே சரிந்து, கனம் தெரியாமல் தலையை அவள் காலில் வைத்தேன்.

வைத்ததுதான் தெரியும்.

அதைத் தூக்கம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கண்ணிமை மேல் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்கள், கை என்னுடையதில்லை, நாக்கு என்னுடையதில்லை. காது மட்டும் திறந்திருந்தது. விசிறி சுற்றுவது கேட்டது, குழாய் சொட்டுவது கேட்டது, தெருவில் மொபெட் போவது கேட்டது. வெளியில் கேட்கும் இந்தச் சத்தங்களுக்கு அடியில் இன்னொரு சத்தம், இருட்டுக்கு உள்ளேயே, எனக்கு வெகு பக்கத்தில். யாரோ 'அம்மா' என்றார்கள். கதிரின் குரல். அதற்கப்பால் செண்பகவல்லி அக்காவின் இரட்டையர்கள், இன்னும் பேச வராததால் வெறும் 'ம்மா… ம்மா…' என்று. மேல்வீட்டுக் குழந்தை, மாதா கோயில் வாட்ச்மேன் பேத்தி, எல்லாரும் இங்கேதான் இருந்தார்கள், தினமும் எட்டிலிருந்து இரண்டுவரை இங்கேதான் இருந்திருக்கிறார்கள், எல்லாம் கேட்டுக்கொண்டு, கண்ணைத் திறக்க முடியாமல், யாராவது எழுந்தால் தேவலை என்று. அந்தக் கூட்டத்தில் எங்கேயோ என் லியோவும் இருந்தான். அவன் கூப்பிடவில்லை. கூப்பிட்டுப் பயனில்லை என்று அவனுக்கு அந்த வயதிலேயே தெரிந்திருந்தது.

கதவுத் தாழ் திறக்கும் சத்தம் கேட்டது.

"ஜெசி, ரசத்துக்கு உப்பு…" என்று வந்த செண்பகவல்லி அக்கா நின்றுவிட்டாள். என் தோளை உலுக்கினாள். கன்னத்தைத் தட்டினாள். பிறகு மூச்சை உள்ளே இழுத்தாள். "ஆத்தாடி. பிள்ளைக்கும் வந்துட்டு."

சிறிது நேரத்தில் அறை நிறையக் காலடிச் சத்தம். யாரோ ஒருத்தி தன் குழந்தையைக் கொண்டுவந்து ஜெனோவின் பாதத்தில் வைத்துப் பார்த்தாள், அழுகை சட்டென்று நின்றது, நான் இருந்த இருட்டுக்குள் புதிதாக ஒரு குரல் வந்து விழுந்தது.

"சின்னக் காலுதான். ஆனா வளருமில்ல," என்றாள் கதிரின் அம்மா.

"இவ அம்மாவுக்கு ஒரு நாள், இவளுக்கு ஒரு நாள்னு வச்சிக்கலாம். பாவம், ஜெசிக்கும் கொஞ்சம் ஓய்வு கெடைக்கும்."

"சாயங்கால ஷிப்ட்டுக்கும் ஆள் ஆச்சு."

"அசையாத கண்ணு. இந்தா, முறுக்கு. இந்தா, போன்ல பொம்மை படம் பாரு. அம்மா எப்படிச் சமத்தா உக்காந்திருப்பா, அந்த மாதிரி உக்காரணும், என்ன?"

நான் கத்தினேன். எழுந்திரு ஜெனோ, எழுந்திருடி, முறுக்கைக் கீழே போடு, எழுந்து ஓடு என்று என் தொண்டை முழுக்கக் கத்தினேன், அத்தனையும் இருட்டுக்குள்ளேயே விழுந்தது, கதிர் மட்டும் ஒருகணம் அழுகையை நிறுத்திக் கேட்டான். ஜெனோ முறுக்குக் கடிக்கும் சத்தம் எனக்குத் தலைக்கு மேலே கேட்டது. அவள் உட்கார்ந்திருந்தாள். பிறந்ததிலிருந்து உட்காராதவள், எனக்காக உட்கார்ந்திருந்தாள்.

அப்போது சாப்பாட்டுக்கு வரும் பெலிக்ஸின் சைக்கிள் ஸ்டாண்ட் போடும் சத்தம் வந்தது, எனக்கு உயிர் வந்தது. அவர் எழுப்பிவிடுவார். பிள்ளையைத் தூக்கிக்கொள்வார்.

அவர் வந்து என் பக்கத்தில் மண்டியிட்டார். என் நெற்றியில் அவர் கை. "எவ்ளோ நாளாச்சு இவ இப்படித் தூங்கி," என்றார். "கொஞ்ச நேரம் அப்படியே இருடா ஜெனோ. அம்மா தூங்கட்டும்."

"அப்பா, எனக்கு ஒண்ணுக்கு வருது."

"கொஞ்சம் அடக்கிக்கடா தங்கம். சங்கு ஊதட்டும்."

"ரொம்ப வருதுப்பா."

"அம்மாவப் பாரு. தெனமும் எவ்ளோ நேரம் அடக்கிக்கிட்டு இருக்கா!"

"அம்மாவுக்கு அடக்க வரும்," என்றாள் ஜெனோ. "எனக்கு வராது."

என் தலை சிமெண்ட் தரையில் ணங்கென்று விழுந்தது.

கண் திறந்தது. விசிறி, சான்றிதழ், மேலே குனிந்து பார்க்கும் பெண்களின் முகங்கள், அவற்றுக்கு நடுவில் பாவாடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, காலை மாற்றி மாற்றி வைத்து, நின்றுகொண்டிருந்தாள் என் மகள். பின்மண்டை வலி அவ்வளவு நன்றாக இருந்தது. நான் ஒரு கையைத் தரையில் ஊன்றினேன், இன்னொரு கையைச் சுவரில் ஊன்றினேன்.

"ஏய் ஜெசி, என்ன பண்ற," என்று செண்பகவல்லி அக்கா என் தோளுக்குக் கை நீட்டினாள். "சங்கு இன்னும் ஊதல!"

"எனக்கும் வருதுக்கா," என்றேன்.

எழுந்து நின்றேன். காலனி முழுக்க, முதல் வரிசை வீட்டிலிருந்து கடைசி வரிசை வீடுவரை, அத்தனை குழந்தைகளும் ஒன்றாக அலறின; கட்டில்கள் கிறீச்சிட்டன, ஆண்கள் கெட்ட வார்த்தை சொன்னார்கள், நாய்கள் குரைத்தன, அந்த அலறலில் லியோவின் குரலும் இருந்தது, அவனை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு ஜெனோவின் கையைப் பிடித்தேன், பெண்கள் விலகி வழிவிட்டார்கள், நாங்கள் பின்கட்டுக் கழிவறைக்கு ஓடினோம். ஜெனோ முந்திக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

கதவுக்கு உள்ளிருந்து கேட்டாள்: "அம்மா! எங்க இருக்க?"

"இங்கதான்டி," என்றேன். "நின்னுக்கிட்டுதான் இருக்கேன். சீக்கிரம் வா."